கூட்டி எழுதிய பத்து

அக்டோபர் 14, செவ்வாய்

காலைச் செயற்கைக்கோள் படத்தில் புயலின் மேகமெல்லாம் கிழக்கே ஒதுங்கிவிட்டது. நடுச்சுழி மட்டும் தனியாகத் தெரிகிறது. மேல்காற்று தலையைக் கொய்துவிட்டது, கீழே குளிர்ந்த நீர். மேற்கே நகர்ந்து கடலிலேயே அடங்கும்.

என் கணக்கில் காற்று மணிக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர். தொண்ணூற்றைந்து என்று வானிலை அறிக்கை கொடுத்தேன்.

அக்டோபர் 15

துறைமுக அதிகாரி போன் செய்தார். தீவுக்குப் போகும் பயணிகள் கப்பல் ஐந்து நாளாகக் கட்டிக்கிடக்கிறது. நூற்று நாற்பது பேர். காற்று எழுபதுக்குக் கீழே வந்தால்தான் அவர் எச்சரிக்கைக் கொடியை இறக்கலாம்.

“செத்த பாம்பை இன்னும் எத்தனை நாள் மேடம் அடிப்பீங்க?”

சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. செத்துவிட்டது என்று ஒருமுறை நானும் நினைத்தேனே.

ஒன்பது வருடம் ஆகிறது. மேகம் கிழிந்தாலும் காற்று உடனே அடங்காது, அரை நாள் எண்ணைக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும். பயிற்சியில் முதல் வாரமே சொல்லித்தருவது. அன்று நான் காத்திருக்கவில்லை. படம் அவ்வளவு தெளிவாக இருந்தது, குறைத்தேன். ஒரு இழுவைப் படகு கிளம்பியது. ஆறு பேர், ஒருவரும் திரும்பவில்லை. விசாரணையில் ‘வழக்கமான கணிப்புப் பிழை’ என்று எழுதி மூடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து எல்லாவற்றிலும் பத்து கூட்டுகிறேன். யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 16

தெரியும். எல்லாருக்கும் தெரியும்!

கூட வேலை செய்யும் சின்னவள் டீ குடித்துக்கொண்டே சொன்னாள்: “அக்கா, துறைமுகத்துல உங்களுக்குன்னு ஒரு கணக்கே வச்சிருக்காங்க. நீங்க ஷிப்ட்ல இருந்தா பத்தைக் கழிச்சிடுவாங்களாம். ‘மேடம் பயந்தாங்கொள்ளி, ஆனா ஒழுங்கா பயப்படுவாங்க’ன்னு பேச்சு.”

அவளுக்கு அது வேடிக்கை. நானும் சிரித்துவைத்தேன் என்று நினைக்கிறேன்.

வீட்டில் சாப்பிடவில்லை. கணவர், “திரும்ப அந்தப் படகா?” என்றார். படகு என்னை விட்டு எங்கே போயிற்று, திரும்ப வர?

அக்டோபர் 17

புயல் இரவில் வளைந்திருக்கிறது. மெதுவாக, கப்பல் போகும் வழிக்கே வருகிறது. கணக்கு எழுபத்தைந்து. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், எழுபத்தைந்தேதான்.

எழுபத்தைந்து என்று உண்மையை எழுதினால் அங்கே அறுபத்தைந்து என்று படிப்பார்கள், கப்பல் கிளம்பிவிடும். எண்பத்தைந்து என்று பொய் எழுதினால்தான் உண்மை போய்ச் சேரும். இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேனே — நானேதானே?

எழுபத்தைந்து என்று எழுதினேன். உடனே போன் செய்தேன்.

“இன்னைக்குக் கழிக்காதீங்க.”

“என்னது மேடம்?”

“பத்தை. இன்னைக்கு நான் கூட்டல.”

“ஏன் கூட்டினீங்க இத்தனை வருஷம்?” என்றார். சொன்னேன். அந்த இழுவைப் படகுதான் காரணம் என்று.

“அந்த இழுவைப் படகு அன்னைக்கு... எவ்வளவு கூட்டியிருந்தீங்க?”

“அன்னைக்குக் கூட்டல. காத்திருக்காம குறைச்சேன்.”

“உங்க எண்ணைப் பார்த்துட்டு அன்னைக்குக் கொடியை இறக்கினது நான்தான்.”

வைத்துவிட்டார்.

அக்டோபர் 18

கொடி இறங்கவில்லை. அந்த வழியிலுள்ள மிதவைக் கருவியில் எழுபத்தெட்டு பதிவாகியிருக்கிறது. சின்னவள் கை கொடுத்தாள். நான் நேரே தலைமை அதிகாரியின் அறைக்குப் போய், அன்று காத்திருக்காமல் குறைத்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதை ஏம்மா இப்பப் போய்க் கிளறுற?” என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பழைய கோப்பைத் திறப்பார்களாம்.

அக்டோபர் 19

ஐம்பது. குறைந்துகொண்டே போகிறது.

அக்டோபர் 20

கடைசி அறிக்கை எழுதினேன். புயல் இனி வெறும் காற்றும் தூறலும். கப்பல் காலையில் போய்விட்டது, நூற்று முப்பத்தொன்பது பேருடன். ஒருவர் பொறுமை இழந்து ஊருக்கே திரும்பிவிட்டாராம்.

மதியம் துறைமுக அதிகாரி போன் செய்தார். காற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

“அந்த ஆறு பேர் வீட்டு விலாசமும் எங்கிட்ட இருக்கு மேடம். வருஷா வருஷம் போயிட்டு வர்றேன். வாசல் வரைக்கும்தான். உள்ள போனதில்ல. உங்களுக்கு வேணுமா?”

வேண்டும் என்றேன். நிறுத்தி நிறுத்திப் படித்தார், எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது விலாசம், என் வீட்டுக்கு அடுத்த தெரு. பஸ்ஸுக்குத் தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறேன்.