முதுகில் அப்பாவின் பெயர்

ஓகஸ்ட் 24, ஞாயிறு

வெரிபீயில் இன்றைக்கும் காற்று. காயப்போட்ட உடுப்பில் பாதி பக்கத்து வீட்டுப் பத்மாவின் வளவுக்குள். குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டு வந்தேன். முதியோர் இல்லத்தில் இந்தக் கிழமை ஆறு நாள் வேலை. குதிக்கால் இரண்டும் எரிகிறது.

மகன் துஷாந்த் அமெரிக்காவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறான். கல்லூரியின் அமெரிக்க ஃபுட்போல் (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்) அணியில் ஜேர்சி கொடுத்துவிட்டார்களாம். முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், விசரன். ஒரு தோளிலிருந்து மற்றத் தோள் வரைக்கும் எழுத்து: சச்சிதானந்தன். அமெரிக்கர்களுக்கு அது குடும்பப் பெயர். எங்களில் குடும்பப் பெயர் ஏது? அது இவருடைய, அவனுடைய அப்பாவின் பெயர். ஜூன் மாதத்திலிருந்து மகனோடு ஒரு வார்த்தை கதைக்காத மனுசனுடைய பெயர்.

இவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பேரை மட்டும் கொண்டுபோயிட்டான்" என்றார். பிறகு ரீவிச் செய்திக்குத் திரும்பிவிட்டார்.

ஓகஸ்ட் 27, புதன்

குப்பை வாளி வைக்கப் போன இடத்தில் பத்மா பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, பையனை ஆளையே காணோம்?"

"அமெரிக்காவில. ஸ்கொலர்ஷிப்."

"அப்படியா! சூப்பர்க்கா. எப்படிப் படிச்சார்னு எங்க பொண்ணுக்கும் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். இது இவர் கண்டுபிடித்த வழி. கோயிலில் யார் கேட்டாலும் "ஸ்கொலர்ஷிப்பிலை போயிருக்கிறார்." பொய்யில்லை. எதற்கு ஸ்கொலர்ஷிப் என்று எங்கள் சனம் கேட்காது. மூளைக்குத்தான் என்று தானே முடிவு கட்டிவிடும். காலுக்கும் கொடுப்பார்கள் என்று யார் கண்டது?

கிளேட்டன் கம்பஸில் இரண்டு வருசம் எஞ்சினியரிங் படித்த பிள்ளை. இங்கேயுள்ள கிளப்பில் அவன் பந்து உதைப்பதைப் பார்த்த ஒரு பயிற்சியாளர், அமெரிக்கக் கல்லூரிகள் இப்படி உதைக்கிறவர்களைத் தேடுகின்றன என்று ஆசை காட்டினார். படிப்பைப் பாதியில் விட்டான். போகிற அன்றைக்கு இவர் எயர்போர்ட்டுக்கு வரவில்லை. ரயில் பட்டறையில் அவசர வேலை என்றார். அன்றைக்கு அவருக்கு லீவு. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

இங்கே ஞாயிறு காலை, அங்கே சனி இரவு. முதல் ஆட்டம். வேலையில் கெஞ்சி ஞாயிற்றுக்கிழமையை மாற்றிக்கொண்டேன். பதிலுக்குப் பொதுவிடுமுறை நாளெல்லாம் என் தலையில்.

இவர் வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு கார் கழுவப் போய்விட்டார். போகட்டும்.

விளையாட்டு எனக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. மகள் தர்சினிக்குப் பள்ளிக்கூடப் பாடம் தவிர மற்ற எல்லாம் தெரியும். அவள்தான் சொல்லித் தந்தாள். பந்தை முன்னே கொண்டுபோக மூன்று தடவை முயன்று பார்ப்பார்களாம். சரிவராவிட்டால் துஷாந்தைக் கூப்பிடுவார்களாம். ஒருவன் கால் இடுக்கால் பந்தைப் பின்னே எறிவான். இவன் அதைப் பிடித்து, முடிந்தமட்டும் தூரத்துக்கு உதைத்துத் தள்ள வேண்டும். அவ்வளவுதான். பிறகு போய்க் குந்திவிட வேண்டும். ஆக, தன்னுடைய ஆட்கள் கோட்டை விட்டால்தான் என் பிள்ளையை நான் ரீவியில் காணலாம். நல்ல உத்தியோகம்!

அரை மணித்தியாலமாகியும் ஆளைக் காணவில்லை. சுவரில் இருக்கிற பிள்ளையாரைப் பார்த்து, "அப்பனே, இவங்கள் ஒருக்காக் கோட்டை விடோணும்" என்று கும்பிட்டேன்.

"அம்மா! யூ கான்ற் ப்ரே ஃபோர் தற்!" என்று தர்சினி கத்தினாள்.

ஏன் கூடாது? ஸ்ரேடியம் நிறைந்த சனம் தங்களுக்கு வேண்டியதைக் கேட்கிறது. எனக்கு வேண்டியதை நான் கேட்டேன்.

வந்தான். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. ஆனால் வலது தோளைச் சரித்து நடக்கிற அந்த நடை... தாய்க்குத் தெரியாதா? உதைத்தான். பந்து விளக்குக் கம்பங்களுக்கு மேலே போய்த் திரும்பி வரவே யோசித்தது. அறிவிப்பாளன் பெயரைச் சொல்ல வெளிக்கிட்டு, "சாச்சி... சாச்சிதா..." என்று நடுவழியில் கைவிட்டுவிட்டான். நான் அழுதுவிட்டேன்.

ஆட்டம் முடியத்தான் இவர் உள்ளே வந்தார். மூன்று மணித்தியாலம் கழுவியிருக்கிறார். போய்ப் பார்த்தால் காரின் முன்பக்கம் கண்ணாடிபோல் மினுங்குகிறது, பின்னால் சேறு அப்படியே கிடக்கிறது.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

என் வேண்டுதல் நன்றாகவே பலித்தது. இன்றைக்கு அவன் வந்துகொண்டே இருந்தான். உதைக்கிறான், போகிறான், திரும்பவும் வருகிறான். கண் நிறையப் பார்த்தேன். அவனுடைய கல்லூரிக்குப் படுதோல்வி.

பிறகு போனில் குரலே இல்லை அவனுக்கு. "அம்மா, நான் கனக்க உதைச்சால் எங்கடை ரீம் செத்துப்போச்செண்டு அர்த்தம்."

"நீ வடிவா உதைச்சனி, தம்பி."

"அதை ஆர் பாத்தது? அப்பா பாத்தவரோ?"

"கார் கழுவினவர்."

"திரும்பவுமோ?"

இவர் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். "சாப்பிட்டவனோ எண்டு கேள்" என்று எனக்குச் சைகை. அவன் அங்கே, "அப்பான்ரை பிறஷர் குளிசை ஒழுங்காப் போடுறாரோ?" என்று என்னைக் கேட்கிறான். இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது, போன் இருக்கிறது. நடுவில் சம்பளமில்லாத தபால்காரி நான். எனக்கு அலுத்துவிட்டது.

செப்ரெம்பர் 22, திங்கள்

களைப்பு. எழுத ஒன்றுமில்லை.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

கோடைகாலத்துக்கென்று மணிக்கூட்டை முன்னே தள்ளுகிற நாள். நித்திரையில் ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அது போனால் போகட்டும்.

எப்படி எழுதுவது?

வெளியூர் ஸ்ரேடியம். தொண்ணூறாயிரம் சனம், எல்லாம் மற்றப் பக்கத்துச் சனம். மழை. துஷாந்தின் ஆட்கள் ஒரு சின்ன வித்தியாசத்தில் முன்னே நிற்கிறார்கள், முடிய இரண்டு நிமிசம்கூட இல்லை. அவனைக் கூப்பிட்டார்கள். நான், மடைச்சி, கைதட்டினேன். இன்றைக்கும் விளக்கு வைத்துக் கேட்டதுதானே! பந்து வந்தது. நேராகத்தான் வந்தது. கையில் பட்டது, வழுகியது, நிலத்தில் விழுந்தது. அவன் குனிய முன்னம் மற்றப் பக்கத்தான் ஒருத்தன் அதை அள்ளிக்கொண்டு ஓடிக் கோல் போட்டு... முடிந்தது, தோல்வி.

அந்தச் சத்தம். நான் ரீவியின் சத்தத்தைக் குறைத்தேன், அவன் அதன் நடுவில் நின்றான். கமரா அவனுடைய முதுகிலேயே நின்றது. முழங்காலில் இருக்கிறான், மழையில் நனைந்த அந்த நீளப் பெயர் திரை முழுக்க. அறிவிப்பாளன் இந்த முறை பெயரை முழுதாகச் சொன்னான். சனியன், இன்றைக்குத்தானா அவனுக்கு நாக்கு வளைய வேண்டும்?

நான்தான் கேட்டேன். ஒருக்காக் கோட்டை விடட்டும் என்று நான்தானே கேட்டேன். என்ரை பிள்ளையே விடவேணுமெண்டு நான் கேக்கேல்லையே, அப்பனே!

இவர் உள்ளே வரும்போது வாளி காய்ந்தே இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒக்ரோபர் 6, திங்கள்

அந்தத் துண்டு வீடியோ எங்கும் சுற்றுகிறது. கீழே சிரிக்கிற முகங்கள். ஊர்ச்சங்க வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது. தலைவர் செந்தில்நாதன் அண்ணைதான் போட்டிருக்கிறார்: "இது எங்கடை சச்சியின்ரை பெயரெல்லோ? மகன் படிக்கப் போனதெண்டு சொன்னவர்?"

வேலையில் ஒரு அம்மாவுக்குத் தலைமுடி வாரிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் இவர் அந்தக் குழுவை விட்டு விலகியிருக்கிறார். சோறும் தொடவில்லை.

ஒக்ரோபர் 8, புதன்

துஷாந்த் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாளாக.

ஒக்ரோபர் 10, வெள்ளி

எடுத்தான். "அம்மா, நான் வந்திடட்டோ?"

இந்தக் கேள்விக்காக நான்கு மாதம் காத்திருந்தேன் என்பது உண்மை. வா என்று சொல்ல வாய் வந்தது. வந்தால் சமைத்துப்போட்டு, உடுப்புத் தோய்த்து, கண் முன்னால் வைத்திருக்கலாம். இந்தத் தபால் வேலையும் தீரும். ஆனால் அது பயணம் முடித்து வருகிற குரலில்லை. ஒளிக்க இடம் கேட்கிற குரல். இப்படி வந்தானென்றால் அந்த அறையை விட்டு வெளியே வரமாட்டான். எனக்குப் பயமாக இருக்கிறது.

"அப்பாட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன். அவன் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை.

ஒக்ரோபர் 11, சனி

காலைச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" வரும் என்று காத்திருந்தேன். கிளேட்டனில் திரும்பவும் சேர்ப்பது பற்றி ஒரு பிரசங்கம் வரும் என்று நினைத்தேன்.

"அங்கை இப்ப எத்தினை மணி?" என்று கேட்டார்.

"வெள்ளி பின்னேரம்."

"எடு."

எடுத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். "தம்பி" என்றார்.

"கை ஈரமெண்டால் துடைக்கத் தெரியாதோ?"

அட கடவுளே, நான்கு மாதத்துக்குப் பிறகு பேசுகிற பேச்சா இது? கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

"பந்து எறியிறவன் இடுப்பிலை ஒரு துவாய் தொங்கவிட்டிருக்கிறான். அங்காலை ஓடிப் பிடிக்கிறவன், அவனும் வைச்சிருக்கிறான். உனக்கு மட்டும் ஏன் இல்லை? முதல் மாச்சிலை இருந்து பாக்கிறன், கையை உடுப்பிலை துடைக்கிறாய். அந்த உடுப்பு ஈரம் உறிஞ்சுமோ?"

தர்சினி கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து அவன், "அப்பா... நீங்க கார் கழுவினனீங்களெல்லோ?"

"போனை முன்கண்ணாடியிலை வைச்சுப்போட்டுத்தான் கழுவினனான்." இவருக்கு வெட்கமே இல்லை. "இஞ்சை பார். வாறதெண்டால் வா. வீடு இருக்கு, கிளேட்டனும் இருக்கு. ஆனால் விழுத்திப்போட்டு வராதை. ஒருக்கா ஒழுங்காப் பிடிச்சு உதைச்சுப்போட்டு வா."

அவன் அழுதான். இவர் எழும்பி, வாளியே எடுக்காமல் காரடிக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முழு மாச்சும் பார்த்திருக்கிறார். முழுவதும்! நானும் தர்சினியும் பைத்தியங்கள்போல் உள்ளே தனியாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

அவனை இறக்கவில்லை. வேறொருவன் உதைத்தான். இவர் குசினி வாசலில் நின்றபடி, "இவன்ரை உதை காணாது" என்றார்.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

இறக்கினார்கள். சொந்த ஸ்ரேடியம். இன்றைக்கு நான் பிள்ளையாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பயம்.

அவனுடைய ஆட்கள் தங்கள் கோல் கோட்டுக்கே தள்ளப்பட்டு நின்றார்கள். பின்னால் இடமில்லை. அவன் ஓடி வந்தான். இடுப்பில் வெள்ளைத் துவாய். கையைத் துடைத்தான், திருப்பியும் துடைத்தான். இவர் இன்னும் கதிரையில் இருக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பந்து வந்தது. பிடித்தான். இரண்டு பேர் மேலே பாய, அவர்களின் கைக்கு மேலால் உதைத்தான். பந்து போனது, போனது, மைதானத்தின் பாதியைத் தாண்டியும் போனது. ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றினார்.

மாணவர்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முழுப் பெயர் அவர்களுக்கு வாயில் நுழையாதுபோலும். "சச்சி! சச்சி!" என்று கால்களால் பலகையைத் தட்டித் தட்டிக் கத்துகிறார்கள். ஸ்ரேடியம் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

"அப்பா, தே ஆர் கோலிங் யூ" என்றாள் தர்சினி.

"எனக்குக் காது கேக்குது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். பிறகு வந்து கதிரையில் இருந்தார்.

நொவெம்பர் 3, திங்கள்

கோயிலில் செந்தில்நாதன் அண்ணை இவரைப் பிடித்தாராம். "என்ன சச்சி, மகன் பந்து அடிக்கவோ போனவர்?" இவர், "ஓம், காலுக்குத்தான் ஸ்கொலர்ஷிப். உங்கடை ஆக்களிலை ஆருக்கும் கிடைச்சதோ?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். முழங்கால் வலியோடு நானும் சிரித்தேன்.

நொவெம்பர் 30, ஞாயிறு

இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். துஷாந்த் கிறிஸ்மஸுக்கு வந்து மூன்று கிழமை நின்றுவிட்டுத் திரும்பிப் போகப்போகிறான். போக வேண்டும் என்று அவன்தான் சொன்னான். தபால் வேலையிலிருந்து எனக்கு ஓய்வு. இப்போது போன் வந்தால் முதலில் இவர்தான் எடுக்கிறார், என் முறை வரும்போது அவனுக்கு வகுப்புத் தொடங்கிவிடுகிறது.

விளக்கு வைத்தேன். இந்த முறை, "அப்பனே, அவன்ரை ஆக்கள் வெல்லட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

வென்றார்கள். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. என் மகன் மூன்று மணித்தியாலமும் ஓரத்தில் நின்றான். ஒவ்வொரு கோலுக்கும் தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு குதித்தான். பந்தை அவன் தொடவே இல்லை. அவ்வளவு சந்தோசமாக அவனை நான் இந்த வருசம் பார்க்கவில்லை. கதிரையில் சாய்ந்தபடி எனக்கு நித்திரை தூக்கியது, நல்ல நித்திரை.

இவர்தான் ரிமோட்டை மேசையில் தொப்பென்று போட்டு எழுப்பிவிட்டார்.

"என்னப்பா? வெண்டிட்டாங்களெல்லோ?"

"வெண்டவங்கள்தான்" என்றார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "ஒருக்கா எண்டாலும் என்ரை பேரைக் கூப்பிட்டவங்களோ?"

கார் கழுவி இரண்டு மாதமாகிறது. பத்மாவின் சின்னப் பெண் பின்கண்ணாடித் தூசியில் விரலால் பூ வரைந்து வைத்திருக்கிறாள். யாராவது கழுவினால் நல்லது. நான் கழுவப் போவதில்லை.