பிரிக்காத உறை

கில்ராஸ், கானமாரா
மார்ச் 1958

அன்பு மகன் பார்ட்லிக்கு,

அம்மா எழுதுவது. பாஸ்டனில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதா துணை நிற்கட்டும். இங்கே என் முழங்கால்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. சிவப்புப் பசு கன்று போட்டுவிட்டது. நீ அனுப்பிய கோட்டைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும்.

செத்துப்போன உன் அப்பாவின் காகிதங்களை வாங்கிப்போகப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து திர்முத் என்று ஒருவர் வந்தார். டப்ளின்காரர். நம் ஐரிஷைப் புத்தகத்தில் படித்தவர், என்னைவிடச் சுத்தமாகப் பேசுகிறார். அடுப்படி மேசையில் உட்கார்ந்து கடிதங்களைப் பிரித்து அடுக்கினார். பதிப்பாளர், பத்திரிகைக்காரர், சண்டை போட்ட புலவர் என்று உன் அப்பா எல்லாருக்கும் எழுதி, நகலும் எடுத்து வைத்திருக்கிறார். ஊர் பேர் தெரியாதவனுக்குக்கூட நாலு பக்கம்.

இங்கிலீஷில் வந்த கடிதத்தை மட்டும் உன் அப்பா தொடமாட்டார். அது அவர் விரதம். நான் இன்றைக்கும் கனவு காண்பது ஐரிஷில்தான். அவருக்குப் பேர் வாங்கித் தந்த கதைகளில் பாதி என் வாயிலிருந்து போனவை. ஆனால் என் காலத்துப் பள்ளிக்கூடத்தில் எழுதக் கற்றுக்கொடுத்தது இங்கிலீஷ் மட்டும். ஐரிஷ் பேசினால் அடி. உனக்கும் இங்கிலீஷில்தானே எழுதுகிறேன்.

உன் அக்கா நான்சாவுக்குக் காய்ச்சல் கண்டபோது நீ கைக்குழந்தை. அப்பா டப்ளினில் வேலையில் இருந்தார். பிள்ளை உங்களையே கேட்கிறாள், வாருங்கள் என்று எழுதிப் போட்டேன். உறைமேல் இங்கிலீஷில் விலாசம் இருந்ததே அவருக்குப் போதும். பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். மேலே ஐரிஷில் ஒரு வரி. அதை எனக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூட மாஸ்டர் லாவலிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நம்ம பாஷையில எழுது, படிக்கிறேன்னு போட்டிருக்காரும்மா. உக்காரு, நானே எழுதித் தர்றேன்" என்றார். அது போய்ச் சேர்வதற்குள் நான்சா போய்விட்டாள்.

அப்புறம் அவள்மேல் உன் அப்பா பாடிய இரங்கல் பாட்டைத்தான் இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள்.

மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்த அந்த உறையையும் எடுத்து மேசையில் வைத்தேன். திர்முத் வரியைப் படித்ததும் முகம் மலர்ந்துபோனார். "எப்பேர்ப்பட்ட கொள்கைம்மா, பெண்டாட்டிக்குக்கூட விட்டுக்கொடுக்கல. இத கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்" என்றார். உள்ளே இருக்கும் கடிதம் என்ன ஆகும் என்று கேட்டேன். "அது இங்கிலீஷ்தானே, வீட்டு விஷயம். உறை போதும், கடிதத்த நீங்களே வச்சுக்குங்க" என்றார்.

"போனா ரெண்டும் சேந்து போகட்டும் தம்பி, இல்லேன்னா அடுப்பு பக்கத்துலதான் இருக்கு" என்றேன். பிறகு நான்சாவைப் பற்றிச் சொன்னேன். மனுஷர் தேநீரைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.

அப்பாவின் காகிதங்கள் நூலகத்துக்குப் போக உன் கையெழுத்தும் வேண்டுமாம். என் கடிதத்தைப் பிரித்து, அந்த வரிக்குப் பக்கத்திலேயே வைப்பதாக அவர்கள் எழுதிக் கொடுத்தால் மட்டும் போடு. புருஷன் பேரைக் கெடுத்தாள் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அவர் படிக்காததை அவரைக் கும்பிட வருகிறவர்களாவது படிக்கட்டும்.

உன் பிள்ளைகளையும் எனக்கு நாலு வரி எழுதச் சொல். எந்தப் பாஷையானாலும் சரி, பிரித்துப் படிக்க நான் இருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
பாபீன்