இருபது விழுந்த ஞாயிறு

டத்தோ கிராமாட்,
9 ஜூன் 2025

அன்புத் தம்பி ஸ்ரீகரனுக்கு,

லோகா அக்கா எழுதுகிறேன். போன் பேசினால் உனக்கு மூச்சு வாங்குகிறது என்று உன் தங்கச்சி பிரியந்தி என்னைப் பிடித்துத் திட்டிவிட்டாள். அதனால் இனி ஈமெயில்தான். மெதுவாகப் படி, மெதுவாக எழுது, ஆனால் எழுது.

நேற்று உன்னை மேசைக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! உன் நாற்காலியில் பிஸ்கட் டின்னை வைத்து, அதன்மேல் ஐபேடைச் சாய்த்து, உன் முகத்தை உட்கார வைத்தோம். ஹஜ்ஜுப் பெருநாள் ஆட்டுக்கறி கொண்டுவந்த பஷீர் உனக்கு முன்னாலும் ஒரு தட்டு போட்டான். "அவனால சாப்பிட முடியாதுடா" என்றேன். "இருக்கட்டும்லா அக்கா, ஆளு வந்திருக்கான்ல" என்றான். அதிராவுக்கு முகமே மாறிவிட்டது. "படத்துக்கு முன்னால சோறு வைக்கிறது யாருக்குன்னு தெரியுமா உனக்கு? எடு அதை!" என்று கத்தினாள். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? நீ பார்த்திருந்தால் பொருட்படுத்தாதே.

பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா எட்டிப் பார்த்து, "என்ன மீட்டிங்கா?" என்று கேட்டார். "இல்லக்கா, விளையாட்டு. நான் கதை சொல்வேன். இவ வைத்தியச்சி, இவன் சிப்பாய், ஐபேடுல இருக்கிறவன் திருடன். என்ன செய்யறதுன்னு அவங்க சொல்வாங்க, நடக்குமா நடக்காதான்னு டைஸ் சொல்லும்" என்றேன். "நாப்பது வயசுல உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டு, ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

நம் மேசை வழக்கத்தை உனக்காகக்கூட மாற்ற முடியாது. எல்லாப் பகடையும் என் பித்தளைத் தாம்பாளத்தில்தான் விழ வேண்டும். இருபது முகப் பகடையில் உச்சமான இருபது விழுந்தால் மேசையைத் தட்டிக் கூச்சல் போட வேண்டும். உனக்காக நானே உருட்டுகிறேன். நேற்றே உனக்கு இருபது விழுந்தது பார்த்தாயா? என் கை ராசியான கை.

அன்புடன்,
லோகா அக்கா

*

பாகான் டாலாம்,
11 ஜூன் 2025

அன்புள்ள லோகா அக்காவுக்கு,

ஃபெர்ரி ஏறினால் உங்கள் வீடு. ஆனால் ஒரு சளிக்காய்ச்சல் என்னை முடித்துவிடும் என்று வாசல் கேட்டையே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்தது உங்கள் வீட்டு மின்விசிறியும் பஷீரின் முழங்கையும்தான். நாலு பேர் சேர்ந்து பேசினால் இங்கே வெறும் இரைச்சல். ஏதோ ஒன்றுக்கு எல்லாரும் சிரித்தீர்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்து வைத்தேன். தட்டைப் பார்த்தேன். பஷீரைத் திட்டாதீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. இந்த வீட்டில் யாரும் என்னிடம் உண்மை பேசுவதில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு வந்தால் பிரியந்தி முதலில் படித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டுதான் என் அறைக்குள் வருகிறாள். "நல்லாருக்கு அண்ணே." அம்மாவோ எதைக் கேட்டாலும் "ஓம் ராசா, சுகமாயிடும்." பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் சில்லுகளைச் சோதித்தவன் நான். கெட்டது என்று மெஷின் சொன்னால் கெட்டதுதான். யாரும் அதைத் தடவிக்கொடுத்து நல்லது என்று சொல்ல மாட்டார்கள்.

எனக்கு மிச்சமிருப்பது உங்கள் தாம்பாளம்தான். அங்கே மூன்று விழுந்தால் மூன்று. என் திருடன் நொண்டி வேலப்பன் சாக வேண்டி வந்தால் சாகட்டும், அக்கா. அதில் மட்டும் எனக்குச் சலுகை காட்டாதீர்கள்.

உங்கள் தம்பி,
ஸ்ரீகரன்

*

டத்தோ கிராமாட்,
14 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

நேற்று காதுக்கு இதமாக இருந்ததா? கரண்டிச் சட்டம் வேலை செய்கிறது. கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வாய் திறக்கலாம். உன் முறை வந்தால் கரண்டி உன் ஐபேடுக்கு முன்னால் கிடக்கும், எவனும் மூச்சுவிடக் கூடாது. பஷீர் வாயைப் பொத்திக்கொண்டு படும் அவஸ்தையைப் பார்க்கவே டிக்கெட் போடலாம்.

கடல்பாம்பின் முதுகிலிருந்து உன் வேலப்பன் பாய்ந்தானே, அப்பப்பா! மறுபடியும் இருபது! உனக்கு யோகம்தான் போ. அதிரா இரண்டு வாரமாக ஐந்துக்குமேல் உருட்டவில்லை, பொறாமையில் வெந்துபோயிருக்கிறாள்.

பிரியந்தி போன் செய்தாள். இரத்தம் நன்றாக இருக்கிறது என்றாள். நன்றாகச் சாப்பிடு.

லோகா அக்கா

*

பாகான் டாலாம்,
16 ஜூலை 2025

லோகா அக்காவுக்கு,

இப்போதெல்லாம் மேசையில் நீங்கள் அமைதியாக இருப்பதால் எனக்கு எல்லாம் கேட்கிறது. பித்தளையில் பகடை உருளும் சத்தம்கூட. வேலப்பன் பாய்ந்தபோது அது இன்னும் உருண்டுகொண்டிருந்தது, அக்கா. நிற்கவே இல்லை. அதற்குள் பஷீர் மேசையைத் தட்டி "இருபது!" என்று கத்திவிட்டான்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். ஐபேட் எப்போதும் உங்கள் முகங்களைத்தான் காட்டுகிறது, தாம்பாளத்தைக் காட்டியதே இல்லை. வேலப்பன் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. இப்படி ஒரு சில்லு என் கைக்கு வந்திருந்தால், சில்லு நல்லது என்று நினைத்திருக்க மாட்டேன், மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன்.

திங்கட்கிழமை டாக்டரைத் தனியாகப் பிடித்து நேராகக் கேட்டேன். நோய் திரும்பி வந்துவிட்டது. இனி கொடுப்பதெல்லாம் வலிக்கான மருந்து. அம்மாவுக்கும் பிரியந்திக்கும் முன்பே தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லாதீர்கள்.

நான் சாகப்போவது பற்றிக் கோபமில்லை. நீங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டீர்களே, அதுதான் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை எனக்கு உண்மையாக உருட்டுவீர்களா? கூச்சல் வேண்டாம். தாம்பாளத்தைக் காட்டுங்கள், போதும்.

ஸ்ரீகரன்

*

டத்தோ கிராமாட்,
18 ஜூலை 2025

தம்பி,

அறிவு இருக்கிறதா உனக்கு? இப்படி ஒரு செய்தியைக் கடைசிப் பத்தியில் சொருகி அனுப்புவாயா? ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தேன். டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் வந்து எட்டிப் பார்க்கும்படி அழுதேன்.

ஆமாம், பொய்தான். முதல் வாரமே உனக்கு விழுந்தது இரண்டு. தலையில் ஒரு முடி இல்லாமல், துண்டைப் போர்த்திக்கொண்டு, நீ ஐபேடுக்குள்ளிருந்து "என்னக்கா, என்ன விழுந்துச்சு?" என்று கேட்டாய். என் வாய் தானாக "இருபது" என்று சொல்லிவிட்டது. பஷீர் என் முகத்தைப் பார்த்தான், உடனே மேசையைத் தட்டினான். யாரும் கூடிப் பேசித் திட்டம் போடவில்லை. அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான். நீ சிரித்தாயே, அதை விட மனசு வரவில்லை. என் மேல் கோபப்படு, அந்த இரண்டு பேர் மேல் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அதிரா போனைத் தாம்பாளத்துக்கு நேர்மேலே பிடித்துக்கொள்வாள். யாரும் கூச்சல் போட மாட்டோம். என்ன விழுகிறதோ அதுதான். வேலப்பன் செத்தால் நான் அழுவேன், அதையும் நீ பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அக்கா

*

டத்தோ கிராமாட்,
21 ஜூலை 2025

அன்புத் தம்பி ஸ்ரீகரனுக்கு,

நேற்றிலிருந்து போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுடா. இல்லாவிட்டால் இதையாவது படி.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மற்றவர்கள் தப்பும்வரை வேலப்பன் மதகுக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பதினேழுக்குக் கீழே விழுந்தால் அவன் கதை முடிந்தது என்று உன்னிடம் சொன்னேன். "சரிக்கா, உருட்டுங்க" என்றாய். அதிரா போனை நேராகத்தான் பிடித்திருந்தாள். நான் உருட்டினேன். பகடை கையை விட்டுப் போன பிறகுதான் உன் முகம் அப்படியே உறைந்து நின்றதைப் பார்த்தேன். உங்கள் பக்கம் மழையாம், லைன் போய்விட்டது. படம் திரும்பி வந்தபோது தாம்பாளத்தில் இருபது கிடந்தது.

சொன்னபடி யாரும் கத்தவில்லை. பஷீர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீ அந்த இருபதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் "தேங்க்ஸ்லா அக்கா. எல்லாருக்கும் தேங்க்ஸ்" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டாய்.

தண்ணீர்மலை முருகன் மேல் ஆணை, அது தானாக விழுந்த இருபது. நான் தொடவில்லை. யாரும் தொடவில்லை. நீ கேட்ட உண்மை அதுதான், தம்பி. உனக்கு ஒரு தடவை நல்லது நடந்தது.

ராத்திரி முழுக்க ஒரே நினைப்பு. நான் பகடையைத் திருப்பி வைத்து மூன்று என்று காட்டியிருந்தால் நீ நம்பியிருப்பாய். நிம்மதியாகச் சிரித்திருப்பாய். உனக்கு உதவியிருக்கக்கூடிய அந்த ஒரு பொய்யைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பதில் எழுது. ஒரு வரி போதும். திட்டியாவது எழுது.

லோகா அக்கா

*

பாகான் டாலாம்,
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லோகா அக்காவுக்கு,

ஸ்ரீகரன் அண்ணனின் தங்கச்சி பிரியந்தி எழுதுகிறேன். தகனத்தன்று உங்களிடம் சரியாகப் பேச முடியவில்லை. அம்மாவைப் பிடித்துக்கொண்டிருப்பதே பெரும் பாடாக இருந்தது.

நீங்கள் கடைசியாக எழுதியது அண்ணனுக்குப் போய்ச் சேரவில்லையோ என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நான்தான் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். முருகன் மேல் சத்தியம் செய்திருந்தீர்களே, அந்த இடத்தில் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பாவம் அக்கா, இன்னும் எனக்காகப் பொய் சொல்றாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பதில் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம், அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த விளையாட்டைப் பற்றி அவர் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் போன பிறகு உங்கள் இருவர் ஈமெயில்களையும் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வாரமும் "நல்லாருக்கு அண்ணே" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான். அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கட்டாயம் வாருங்கள், பஷீர், அதிரா இருவரையும் அழைத்து வாருங்கள். இப்போது கேட்டைப் பூட்டுவதில்லை. வரும்போது என்னிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நிஜமாக என்ன விழுந்தது, அக்கா?

பிரியந்தி