ஃபிளெக்ஸ் போர்டில் 214

மதுரை,
ஞாயிறு மாலை.

பார்வை: சென்ற ஞாயிறு நீ போனில் அழுதது.

அன்பு மகள் ரம்யாஸ்ரீக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம். ஜெர்மனிக் குளிரில் நீயும், இருநூறு டிகிரிச் சூட்டில் உன் வினையூக்கியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு ரசப்பொடி இருக்கிறதா என்று ஆரம்பித்துவிடுகிறாள். நம் வீட்டுச் சௌராஷ்டிரத்தில் எனக்குத் திட்டத்தான் வரும், எழுத வராது. அதனால் தமிழில் எழுதி, ஹரிஷ்குமாரைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மேலே ‘பார்வை’ போட்டதற்குச் சிரிக்காதே. திருமங்கலம் தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் எழுதிய கை, பழைய கடிதம் எதையாவது பார்வையில் காட்டாமல் நகர மறுக்கிறது.

இத்தனைக்கும் காரணம் உன் அத்தை மகன் அந்த ஹரிஷ்குமார்தான். காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவன் சும்மா இருக்காமல், உன் ஒரே ஒரு கட்டுரையை மட்டும் உலகத்தில் 214 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன என்று போன மாதம் சொல்லிவிட்டான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நம் சௌராஷ்டிர சங்கத் தலைவர் சூடாமணி காதில் போட்டேன், ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை என்று முடிவாயிற்று. கட்டுரையில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நம்பரை மட்டும் இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஃபிளெக்ஸ் அடிக்கிற நைனா முகமது, “அண்ணே, நம்பர மட்டும் பெருசாப் போட்டுருவோம், மத்ததெல்லாம் யாரு படிக்கப் போறா” என்று 214-ஐ ஆறடிக்குப் போட்டு, உன் பாஸ்போர்ட் படத்தை ஒரு மூலையில் ஒட்டிவிட்டார். தெருமுனையில் கட்டிய அன்றே, பரவையிலிருந்து காய் கொண்டுவரும் தங்கப்பொண்ணு, “ஏண்ணே, பாப்பா எலக்சன்ல நின்னுச்சா, இம்புட்டு ஓட்டுலயா ஜெயிச்சுச்சு?” என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ போன் செய்தாய். வினையூக்கி என்று கட்டுரையில் எழுதிய மாங்கனீஸ் ஒன்றுமே செய்யவில்லை, கலக்குகிற காந்தக் கட்டையில் முந்தைய சோதனையிலிருந்து ஒட்டிக்கிடந்த பல்லேடியம் என்ற வேறொரு உலோகம்தான் வேலை முழுவதையும் பார்த்திருக்கிறது, கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதிவிட்டேன், அனுப்பினால் நிரந்தர வேலை கைவிட்டுப் போகலாம் என்று அழுதாய். பெற்றவன் நான் சொன்ன ஆறுதல் என்ன? விழா முடிகிறவரை அனுப்பாதே என்றேன். மறுநாள் ஹரிஷ்குமார் அந்த 214-ஐயும் பிரித்துப் பார்த்தான். ஏறக்குறைய பாதிப் பேர், இவர்கள் சொன்ன மாதிரியே செய்தோம், எங்களுக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஆபீஸிலேயே அதிகமாகப் பார்வையில் காட்டிய ஃபைல் ஒரு வண்டிப்பாதைத் தகராறுதான். பதினேழு வருஷம் கடிதத்துக்குக் கடிதம் அதன் நம்பர் ஏறியது. நல்லபடியாக முடிந்த ஃபைலை யாரும் திரும்ப எடுத்ததே கிடையாது. இதெல்லாம் தெரிந்த நான்தான் ஃபிளெக்ஸ் அடித்தேன்.

இன்று காலை விழா. பொன்னாடையோடு சூடாமணி கிட்டே வரும்போது மைக்கை வாங்கி, அந்தக் கட்டுரை தப்பு, தப்பைக் கண்டுபிடித்ததும் என் மகள்தான், அதை அவளே திரும்பப் பெறுகிறாள் என்று சொல்லிவிட்டேன். சூடாமணிதான் சுதாரித்து, “நம்ம பொண்ணு உலக லெவல்ல வாபஸ் வாங்குது, எல்லாரும் ஜோராக் கைதட்டுங்க” என்றார். தட்டினார்கள். பொன்னாடையும் தோளில் விழுந்தது. உன் அம்மா மட்டும் தட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும், “புள்ள அந்தக் கடுதாசிய அனுப்பிருச்சான்னு கேளுங்க” என்று மட்டும் சொன்னாள்.

பாப்பா, ஒரு பொன்னாடைக்காக உன்னை ஒரு வாரம் பொய்யோடு உட்கார வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. வேலை போனால் போகட்டும் என்று வீரமாகச் சொல்ல வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அனுப்பிவிடு. முந்நூறு பேர் முன்னால் சொல்லியாயிற்று, இனி நீ அனுப்பாவிட்டால் பொய் சொன்னவன் நான். அந்தக் காந்தக் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு. ராத்திரி பிரெட்டைத் தின்று படுக்காதே, ஒரு கை அரிசி போடு.

ஃபிளெக்ஸை அவிழ்த்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட்டுவிட்டேன், நம்பர் உள்பக்கம். மூலையில் இருந்த உன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கூடலழகர் உன் பக்கம் நிற்பார், நாங்களும் நிற்கிறோம். அனுப்பியதும் ஒரு வரி தட்டு, தூங்காமல் இருப்போம்.

உன் அப்பா,
சௌந்தரராஜன்