பார்த்தவர் யாருமில்லை

2025 மார்ச் 6

பல் கிளினிக்கில் இன்று கூட்டம், கவுண்டரை விட்டு எழ முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ் எனக்கு முன்னாலேயே வந்து, போலீஸ் சீருடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார். கேட்டுக் கேட்டுத்தான் வாய் திறந்தது. மோட்டார் சைக்கிள் திருட்டுச் சந்தேகத்தில் புந்தோங்கிலிருந்து தர்மேந்திரன் என்று ஒருவனைப் பிடித்து வந்தார்களாம். சார்ஜன் உடையப்பன் அவனைக் கன்னத்தோடு காதோடு சேர்த்து அறைந்திருக்கிறார். மறுபடியும். காதிலிருந்து ரத்தம். பிறகு பார்த்தால் ஆள் மாறிப்போய்விட்டதாம், அனுப்பிவிட்டார்கள்.

"நான் கதவுகிட்டதான் நின்னேன், ஜூலி. கார்ப்பரல் என்ன பேச முடியும்? ஒண்ணும் சொல்லல."

உடையப்பன் அண்ணன் இந்தப் போலீஸ் குவாட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு. எங்கள் மகன் கீத் பிறந்த அன்று, கொட்டும் மழையில் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்.

அந்தக் கையா?

மார்ச் 25

அந்தத் தர்மேந்திரனுடைய அம்மா புகார் கொடுத்துவிட்டாராம். பாலாயில், அந்தப் போலீஸ் நிலையத்தில் இல்லை, போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்கிற ஆணையத்தில். போலீஸுக்கு வெளியே இருப்பவர்கள். கோலாலம்பூரிலிருந்து ஆள் வருவார்களாம்.

உடையப்பன் அண்ணன் மனைவி ஷர்மினி அக்கா மீன் கறி கொண்டுவந்தார். எதுவும் கேட்கவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு, "நாமெல்லாம் ஒரே குடும்பம்லா" என்றார்.

ஏப்ரல் 10

ஆணையத்துக்காரர்கள் ஹோட்டல் அறை ஒன்றில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். பாலாய்க் கேமரா அன்றைக்குப் பழுதாம். அவனே தடுக்கி மேசையில் விழுந்தான் என்று உடையப்பன் அண்ணன் சொல்லியிருக்கிறார். ஸ்டானிஸ் சொன்னது: டாய்லெட்டில் இருந்தேன்.

நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கணுமோ?

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. கோயிலில் இயேசுவின் பாடுகளை வாசிக்கும்போது ஸ்டானிஸ் பாதியில் எழுந்து வெளியே போனார். தண்ணீர் குடிக்கவாம்.

மே 3

புந்தோங்கிற்கு கச்சாங் பூத்தே, வறுத்த கடலை, வாங்கப் போனேன் என்று எழுதினால் பொய். தர்மேந்திரனைப் பார்க்கத்தான் போனேன். அங்கே யாரைக் கேட்டாலும் அவர்கள் கடையைக் காட்டுகிறார்கள். அவன் கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இடது பக்கம் நின்று விலை கேட்டேன், திரும்பவே இல்லை. மறுபடி கேட்டேன்.

"அந்தப் பக்கம் கேக்காதும்மா, இப்படி வாங்க" என்றார் அடுப்பருகில் இருந்த அவன் அம்மா, செல்லாயி. அவராகவே சொல்லத் தொடங்கிவிட்டார். "ஆபீஸ்காரங்க மரியாதையாத்தான் பேசுனாங்க. ஆனா பார்த்தவங்க யாரும் இல்லியாம். பாலாய் நெறய ஆளு இருந்திருக்கு. ஒருத்தர்கூட பாக்கலியாம்."

நான் யார் என்று சொல்லவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடி வந்தேன்.

மே 4

சொன்னேன். கடைக்குப் போனதை, ஸ்டானிஸிடம். சண்டை.

இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு, கீத்தை யார் படிக்க வைப்பார்கள், இந்த வீடே கவர்மெண்ட் வீடு — எல்லாம் சொன்னார். எல்லாம் நியாயம்தான். ஷர்மினி அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றவள்தானே நீ என்றார். அதுவும் நியாயம்தான்.

"அப்ப எனக்குத் தெரிஞ்சத நான் போய் சொல்லட்டா?"

"நீ சொன்னா அது கேள்விப்பட்டது. நான் சொன்னாத்தான் சாட்சி."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஜூன் 12

ஸ்டானிஸ் லீவு போட்டுவிட்டு ரயிலில் கோலாலம்பூர் போய் வந்தார். நான் எதற்கு என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றும்போது அவரே சொன்னார். "ஆணையத்துல, முன்ன சொன்னது பொய்னு சொல்லிட்டேன். பார்த்ததச் சொல்லிட்டேன்."

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷமா, பயமா? தெரியல. ரெண்டும்தான்.

ஜூலை 20

ஸ்டானிஸ் பெயர் வெளியே போகாது என்றார்கள். போய்விட்டது. ஆணையம் சொல்லியிருக்காது. அன்றைக்கு லீவு எடுத்தது யார் என்று பார்த்தால் போதுமே.

நான் துணி காயப்போட வந்தால் ஷர்மினி அக்கா உள்ளே போய்விடுகிறார். அவருக்குக் குறைந்தபட்சம் கோபம் இருக்கிறது. மற்றவர்களுக்கு நாங்கள் கண்ணிலேயே படவில்லை.

ஜூலை 29

ஸ்டானிஸுக்கு வடக்கே தூரத்தில் இருக்கிற கிரிக்கிற்கு மாற்றல் வந்துவிட்டது. காரணம் கேட்டாராம். ஆள் பற்றாக்குறையாம்.

ஆகஸ்ட் 30

குவாட்டர்ஸைக் காலி செய்தோம். லோரியில் சாமான் ஏற்ற யாரும் கை கொடுக்கவில்லை. கீத்தின் பள்ளிக்கூடமும் என் வேலையும் இங்கே, அதனால் அவர் மட்டும் கிரிக். நானும் கீத்தும் கோப்பெங் பக்கம், செத்துப்போன அப்பாவின் வீட்டில். அப்பா ரப்பர்ப் பால் எடுக்கப் பால் மரம் வெட்டிய தோட்டம். இப்போது வீட்டைச் சுற்றிச் செம்பனை மரங்கள்தான். பகலிலும் இருட்டு.

நவம்பர் 29

ஸ்டானிஸ் லைன் கிடைக்கவில்லை என்று ஆணையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி எனக்கு ஃபோன் செய்தார். நல்ல குரல், மெதுவாகப் பேசினார். புகார் உண்மை என்று முடிவாகிவிட்டது. ஆனால் அவர்களால் சிபாரிசு மட்டும்தான் செய்ய முடியுமாம். தண்டனை கொடுப்பது போலீஸ்தான். உடையப்பன் அண்ணனுக்கு வெறும் கண்டிப்பு, அவ்வளவுதான். அதே பாலாய், அதே வேலை.

சாயங்காலம் ஸ்டானிஸ் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"பார்த்தவன் ஒருத்தன் சொன்னான்னு அந்தப் பையனோட அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டாங்களாம்."

"என்ன சொன்னாங்களாம்?"

எனக்குச் சொல்ல மனசில்லை. ஆனாலும் சொன்னேன். "கண்டிப்புன்னா என்னன்னு கேட்டாங்களாம்."

அங்கேயும் மழையா, வீடு ஒழுகுதா என்று கேட்டார்.

ஒழுகல என்றேன். கூடத்தில் வாளி வைத்திருக்கிறேன்.