பிதாகரஸ் என்று வந்துவிட்டது

ஜனவரி 14
படகின் அடிப்பக்கம் சுரண்டியாயிற்று. நாளை வண்ணம். கோடை வந்தால் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு, "எங்க சாமோஸ் தீவு பெத்த பிதாகரஸ்!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஆறாம் வகுப்பில் அவருடைய முக்கோணம்தான் என்னைப் பள்ளியை விட்டே துரத்தியது. இப்போது அவரை வைத்துத்தான் பிழைப்பு.

அப்பா பெயரும் பிதாகரஸ். முதல் பையனுக்குத் தாத்தா பெயர் என்பது எங்கள் வழக்கம். என் மனைவி கல்லியோப்பிக்கு ஏழாம் மாதம், நாற்பத்து மூன்று வயதில் முதல் பிள்ளை. இன்றும் அதே பெயர்ச் சண்டை.

"அது புனிதர் பேரா? பெயர்நாள் கொண்டாட ஒரு திருநாள் உண்டா? ஒரு மெழுகுவத்தி ஏத்த முடியுமா? மொச்சை தின்னா பாவம்னு பயந்த மனுஷன்யா அவன்!"

"உன் மொச்சை சூப்பைக் குடிச்சுப் பாத்திருப்பான்."

கரண்டி பறந்தது. குனிந்துகொண்டேன்.

ஜனவரி 19
பேய்க்காற்று. கல்லியோப்பிக்கு ரத்தம் நிற்கவில்லை.

ஜனவரி 20
பையன். ஆயிரத்து நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். ஏதென்ஸுக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பான் என்கிறார் டாக்டர். இந்தக் காற்றில் ஹெலிகாப்டர் இறங்காதாம்.

கல்லியோப்பி படுத்தபடியே நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் ஸ்டிலியானோஸ் என்று பெயர் - பச்சைக் குழந்தைகளைக் காக்கும் புனிதர்.

"சரின்னு சொல்லுய்யா."

"சரி. நூறு தரம் சரி."

ஜனவரி 21
எழுதக் கை வரவில்லை.

காலையில் பையன் நீலம் பாரித்துவிட்டான். நர்ஸ் அர்கிரோ ஓடி வந்தாள். "அண்ணே, சாமியார் வர்ற வரைக்கும் தாங்காது. நீங்களே ஞானமுழுக்குக் குடுத்துடுங்க."

முழுக்குப் பெறாமல் பிள்ளை போகக்கூடாதே. அவசரத்துக்குத் தண்ணீர்கூட வேண்டாம், காற்றில் மூன்று தரம் தூக்கிப் பெயர் சொன்னால் போதும். பெட்டியின் ஓட்டைகளுக்குள் கைகளை விட்டு ஒரு சாண் தூக்கினேன். "இறைவனின் அடியான்..." - அப்புறம்? மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. நாக்கு அது பாட்டுக்குச் சொன்னது: பிதாகரஸ். மூன்று தரமும்.

மதியம் காற்று தணிந்தது. ஹெலிகாப்டர் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எங்களுக்கு இடமில்லை.

கல்லியோப்பியிடம் சொன்னேன். "புனிதர்கிட்டயே பொய் சொல்லிட்டியே, பாவி." அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜனவரி 22
சாமியார் காலில் விழாத குறை.

"மாத்த முடியாதா சாமி?"

"முழுக்கு ஒரு தடவைதான், ஸ்டமாடிஸ். விழுந்த பேர் விழுந்ததுதான். புனிதர் கோவிச்சுக்க மாட்டார்."

"இதை அவகிட்ட வந்து சொல்லுங்களேன்."

"கல்லியோப்பிகிட்டயா? எனக்கும் பயம் இருக்காதா!"

திரும்பும்போது துறைமுகத்துப் பிதாகரஸ் சிலைக்கு முன்னால் நின்று வாய்விட்டே திட்டினேன். யோவ் பிதாகரஸ், உயிரோடு இருந்தப்ப கொடுங்கோலனுக்குப் பயந்து தீவை விட்டே ஓடினவன் நீ. போன இடத்திலயும், இத்தாலியில, உன் ஆளுங்க இருந்த வீட்டைக் கொளுத்தினாங்களாம். இன்னைக்கு ஊருக்கு உன் பேர், கோப்பைக்கு உன் பேர், சோப்புக்கட்டிக்கும் உன் பேர். இவ்வளவு பேர் எடுத்து என்னய்யா பிரயோசனம்? ஒரு பிள்ளையைக் காப்பாத்தத் தெரியுமா உனக்கு?

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. கேட்காத மாதிரி இருந்தார்கள்.

ஜனவரி 25
இன்னும் குழாய் வழியாகத்தான் மூச்சு. ஏதென்ஸ் ஆஸ்பத்திரியில் பகல் பன்னிரண்டு மணிக்கு மட்டும்தான் போனில் நிலவரம் சொல்வார்கள். கூப்பிடுவது நான். வீட்டுக்கு வந்துவிட்ட கல்லியோப்பி பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். பேச்சு இல்லை.

வேண்டுமென்றே சொன்னேனோ? உள்ளுக்குள் அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டுத்தானே கிடந்தேன். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் - இல்லை. எழுதமாட்டேன்.

ஜனவரி 28
எடை குறைந்துவிட்டது. படகு பாதி வண்ணத்தோடு நிற்கிறது.

பிப்ரவரி 3
பன்னிரண்டு அடித்தது. போனை எடுக்க எனக்குத் தைரியமில்லை. கல்லியோப்பி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். யார் பேசுவது என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போல. என்னை ஒரு தரம் முறைத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"பிதாகரஸோட அம்மா."

கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னமும் என்னோடு பேச்சில்லை அல்லவா - போனைக் காதில் வைத்தபடியே மற்றக் கையைத் தூக்கி நான்கு விரல்களைக் காட்டினாள். அப்புறம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சுழி.

நாற்பது கிராம் கூடியிருக்கிறான்.