குழாயின் தடிமன்

மார்ச் 4, செவ்வாய்

புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் நேருக்கு நேர் மோதினால் எத்தனை மின்னூட்டத் துகள்கள் தெறிக்கும்? மூன்று வருடமாக இந்த ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன். மோதலுக்குச் சராசரி 31.4 வருகிறது. எல்லோரும் எதிர்பார்த்தது 28. குழுத் தலைவர் அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இந்த நம்பர் நிலைச்சு நின்னுச்சுன்னா நிரந்தர வேலை உனக்குத்தாம்மா." என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது.

மார்ச் 6, வியாழன்

எங்கள் கணக்கைச் சரிபார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. எந்த எண்ணைக் கொடுத்தாலும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத்தான் திருப்புவார். 31.4க்கும் போட்டிருக்கிறார்.

"எங்க தப்புன்னு சொல்லுங்க சார்."

"தெரியலையே. தெரிஞ்சா கேள்விக்குறி எதுக்கு?"

மனுஷன் தன் கல்யாணப் பத்திரிகையிலும் போட்டிருப்பார்.

மார்ச் 8, சனி

அம்மா போன். சித்தியிடமும் பெரியம்மாவிடமும் சொல்லியாகிவிட்டதாம், நான் என்னமோ கண்டுபிடித்துவிட்டேன் என்று. "என்னன்னு அவங்க கேட்டா?" என்றேன். "சொன்னாப் புரியாதுன்னுட்டேன்."

மார்ச் 11, செவ்வாய்

சாப்பாட்டு அறையில் ஃபிட்டர் எதிரே உட்கார்ந்தார். மோதல் நடக்கும் குழாயைப் பொருத்துவது அவர்தான். சும்மா பேச்சுக்குக் கேட்டேன், ஒரு மில்லிமீட்டர் சுவருள்ள குழாயை எப்படி வளையாமல் தூக்குகிறீர்கள் என்று.

"அது பழசும்மா. போன தடவ மெஷின நிறுத்தினப்பவே கழட்டியாச்சே. இப்ப இருக்கறது ரெண்டு மில்லி."

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மோதலில் ஒளித்துகளும் தெறிக்கும்; மின்னூட்டம் இல்லாததால் எங்கள் கருவியில் தடம் விடாது. ஆனால் குழாய்ச் சுவரில் பட்டால் எலெக்ட்ரான், பாசிட்ரான் என்று பிரிந்து இரண்டு தடம் விடும். அவை மோதலில் பிறந்தவை அல்ல, கழித்தாக வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பது சுவரின் தடிமனைப் பொறுத்தது; தடிமன் கூடினால் கழிப்பதும் கூடும். என் கணினி நிரலில் இன்னும் அந்தப் பழைய ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

குழாய் மாற்றிய சீட்டைத் தேடி எடுத்தேன். 'தடிமன் 2 மி.மீ. துகள் எண்ணும் குழுவுக்குத் தெரிவிக்கப்பட்டது.' கீழே கையெழுத்து — என்னுடையது. வேலை தாமதமாகிறது என்று அன்று ஃபிட்டரைத் திட்டிக்கொண்டே, படிக்காமல் போட்டது. அடிப்பாவி.

தடிமனை மாற்றி நிரலை ஓட்டினேன். 28.3.

மார்ச் 13, வியாழன்

யாருக்குத் தெரியும்? ஃபிட்டருக்கு என் நிரல் தெரியாது. சந்தேகத்துக்குக் குழாய் தெரியாது. ஜூன் வரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இப்படி யோசிக்கிறேனே, வெட்கமாக இருக்கிறது.

கணவரிடம் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே, "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் போறியா?" என்றார். கொஞ்சம் கழித்து, "வேலை போனாப் பாத்துக்கலாம்." அவருக்கென்ன, சொல்லிட்டார். மூணு வருஷம் யாரோடது? கத்தினேன். பிறகு அழுதேன்.

மார்ச் 17, திங்கள்

தலைவரின் மேஜையில் சீட்டையும் புதிய எண்ணையும் வைத்தேன். கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார். "நீ சொல்லலைன்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "சரி, மாத்திடு." நிரந்தர வேலை பற்றி நான் கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

கருத்தரங்கில் 28.3 என்று சொன்னேன். பதினொரு நிமிடம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அம்மா: "அப்போ மூணு கொறஞ்சு போச்சா?"

"கொறையலம்மா. இருந்ததே இல்ல."

"சரி விடு. சித்திகிட்ட நான் பேசிக்கறேன்."

ஏப்ரல் 9, புதன்

நிரந்தர வேலை, ஆய்வகத்தில் என் பக்கத்து அறைக்காரருக்குப் போய்விட்டது. கடிதம் வந்தது. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் மூன்று முறை படித்தேன். போய் வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

மதியம் சந்தேகத்திடமிருந்து எங்கள் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பிரதி திரும்பி வந்தது. 28.3 இருக்கும் பக்கத்தைத் தேடி எடுத்தேன். பென்சில் குறி எதுவும் இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.